ரயன் பிரான் வழக்கு: 44 மணி நேரம் வீட்டில் கிடந்த மாதிரி

இடதுகளம் கேட்டது:

2011 அக்டோபர் 1, சனிக்கிழமை. அரிசோனாவுக்கு எதிரான முதல் பிளேஆஃப் ஆட்டம் முடிந்ததும் மில்வாக்கியில் ப்ரூவர்ஸ் பேஸ்பால் அணி வீரர் ரயன் பிரானிடம் ஊக்கமருந்துச் சோதனைக்குச் சிறுநீர் மாதிரி எடுத்தார்கள். எடுத்தவர் அதை அன்றே கூரியரில் போடவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருந்து, திங்கட்கிழமைதான் மான்ட்ரியால் ஆய்வகத்துக்கு அனுப்பினார். இடையில் சுமார் 44 மணி நேரம். சோதனையில் மாட்டினார் என்று டிசம்பரில் செய்தி கசிந்தது. டெஸ்டோஸ்டிரோன் விகிதம் 20-க்கு மேல் என்றும் செய்தி வந்தது. 2012 பிப்ரவரி 23-ல் 50 ஆட்டத் தடை ரத்து. அடுத்த வருடம் ஜூலையில் அதே பிரான் 65 ஆட்டத் தடையை எதிர்ப்பில்லாமல் ஏற்றுக்கொண்டார்.

ப்ரூவர்ஸ் ரசிகர்கள் இன்றும் இதில் இரண்டு கட்சி. எனக்குத் தெரிய வேண்டியவை: சும்மா கிடந்த மாதிரியில் விகிதம் 20 ஆகுமா? ஆகாது என்றால் அவர் எப்படி ஜெயித்தார்? ஒப்புக்கொண்ட பிறகும் 2011-ன் எம்விபி (மிக மதிப்புமிக்க வீரர்) விருது ஏன் அவரிடமே இருக்கிறது? "அந்தக் காலத்துல யார்தான் போடல" என்ற பதிலைத் தவிர எதுவும் சொல்லலாம்.

கார்பன்13:

கொஞ்சம் நகரலாம், 20 ஆகாது. அதைவிட முக்கியம், சோதனை விகிதத்தோடு முடிவதில்லை.

டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனும் அதை ஒத்த எபிடெஸ்டோஸ்டிரோனும் பெரும்பாலான ஆண்களின் சிறுநீரில் ஏறக்குறைய சமமாக இருக்கும். ஊசியோ களிம்போ வெளியிலிருந்து போட்டால் முதலாவது மட்டும் ஏறும், ஏனென்றால் உடம்பு அதை எபிடெஸ்டோஸ்டிரோனாக மாற்றுவதில்லை. வெளிவரத்து இருக்கும்போது சொந்த உற்பத்தியும் படுத்துவிடும், அதனால் இரண்டாவது இறங்கவும் செய்யும். இரண்டுக்கும் இடையிலான விகிதம் எகிறுவது இப்படித்தான். 4-ஐத் தாண்டினால் சந்தேகம். 2005-க்கு முன் அந்தக் கோடு 6-ல் இருந்தது.

மாதிரி கெட்டால் என்ன ஆகும்? ஹார்மோன் பெரும்பாலும் குளுக்குரோனைடு என்ற சர்க்கரை வகைப் பொருளுடன் பிணைந்துதான் சிறுநீரில் வெளியேறும். சூட்டில் பாக்டீரியா பெருகினால் அந்தப் பிணைப்பு அறுபடும், சில ஸ்டீராய்டுகள் உருமாறும். ஆனால் அது சத்தமில்லாமல் நடக்காது. காரத்தன்மை ஏறும், பிணைப்பற்ற டெஸ்டோஸ்டிரோனின் பங்கு கூடும், ஆண்ட்ரோஸ்டேன்டையோன் வகைகள் தலைகாட்டும். இவற்றைச் சரிபார்ப்பது ஆய்வகத்தின் அன்றாட வேலை.

அடுத்த கட்டம் கார்பன் ஐசோடோப் சோதனை. மருந்துக் கம்பெனிகள் டெஸ்டோஸ்டிரோனைச் செய்வது பெரும்பாலும் சோயா போன்ற தாவர மூலப்பொருளிலிருந்து. அதில் கார்பன்-13, அதாவது கார்பனின் சற்றுக் கனமான வகை, குறைவு. மனித உடம்பு செய்யும் ஹார்மோன், அந்த மனிதர் சாப்பிட்டதன் கார்பனைச் சுமக்கும். அமெரிக்கர்கள் தின்னும் மாட்டிறைச்சி, சிரப், சிப்ஸ் எல்லாவற்றுக்கும் அடியில் மக்காச்சோளம். அதில் கார்பன்-13 அதிகம், ஆகவே அமெரிக்க வீரர்களிடம் இந்த வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். அதே சிறுநீரிலுள்ள ப்ரெக்னேன்டையோல் போன்ற ஒரு ஸ்டீராய்டை, அதாவது டெஸ்டோஸ்டிரோன் போட்டாலும் மாறாத ஒன்றை, அளவுகோலாக வைத்து ஒப்பிடுவார்கள். ஆயிரத்துக்கு 3 பங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் வெளியிலிருந்து வந்தது என்று முடிவு. பிரானின் மாதிரியில் செயற்கை டெஸ்டோஸ்டிரோன் இருந்தது என்றே அப்போது செய்தி வந்தது. வீட்டில் 44 மணி நேரம் இல்லை, 44 நாள் கிடந்தாலும் மனித ஹார்மோன் சோயா ஹார்மோனாக மாறாது.

"யாராவது குப்பியில் ஊற்றியிருந்தால்?" என்று கேட்பார்கள். ஊற்றினால் வெறும் டெஸ்டோஸ்டிரோன்தான் கூடும். அது கல்லீரல் வழியாகப் போய்ப் பிறக்கும் ஆண்ட்ரோஸ்டிரோன், எட்டியோகொலனோலோன் போன்ற சிதைபொருட்களிலும் அதே கார்பன் கையெழுத்து வேண்டும். குப்பிக்குள் கல்லீரல் கிடையாது. மூன்று முத்திரைகளும் உடையாமல் வந்து சேர்ந்தன என்பதும் சர்ச்சையில் இல்லாத விஷயம்.

இந்தச் சோதனையின் உண்மையான ஓட்டை எதிர்த் திசையில் இருக்கிறது. யுஜிடி2பி17 என்ற மரபணு இல்லாதவர்களின் சிறுநீரில் டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைவாகவே வெளியேறும். கிழக்காசியர்களிடம் இது சர்வசாதாரணம். அவர்கள் ஊசி போட்டாலும் விகிதம் 4-ஐத் தொடாமல் போகலாம். சுத்தமானவர் மாட்டுவதைவிட போட்டவர் தப்புவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

விதிப்புத்தகம்:

கார்பன்13 சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் விசாரணையில் எடுபட்டது வேதியியல் இல்லை, கூரியர்.

எம்எல்பியும் (அமெரிக்கப் பேஸ்பால் லீக்) வீரர் சங்கமும் சேர்ந்து எழுதிய ஊக்கமருந்து ஒப்பந்தம், அசாதாரணச் சூழ்நிலை இல்லாவிட்டால் மாதிரியை எடுத்த நாளிலேயே ஃபெட்எக்ஸ் கூரியரில் சேர்க்க வேண்டும் என்றது. எடுத்தவர் தரப்பு: சனி மாலை கொடுத்தாலும் திங்கள்வரை அது கடையில்தான் கிடக்கும், அதைவிட வீட்டில் பத்திரம். பிரான் தரப்பு: மைதானத்திலிருந்து 5 மைலுக்குள் இரவு 9 வரை திறந்திருந்த ஃபெட்எக்ஸ் கடைகள் இருந்தன. மூன்று பேர் குழுவில் எம்எல்பிக்கு ராப் மேன்ஃப்ரெட், சங்கத்துக்கு மைக்கேல் வைனர் என்று ஆளுக்கொரு பக்கம் போக, நடுவில் இருந்த மத்தியஸ்தர் ஷியாம் தாஸின் ஓட்டுதான் முடிவு. 2-1. மே மாதத்தில் எம்எல்பி தாஸை வேலையை விட்டு அனுப்பியது. ஒப்பந்தப்படி இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் மத்தியஸ்தரை எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம்.

இதை "டெக்னிக்கல் தப்பிப்பு" என்று இளக்காரமாகச் சொல்வது எனக்கு ஒப்பாது. சோதிப்பவர் தன் விதியைத் தானே மீறினால் தண்டிக்கும் உரிமை இல்லை என்பது நியாயமான ஏற்பாடு. பிழை தீர்ப்பில் இல்லை, அதை ரசிகர்கள் படித்த விதத்தில். தடை செல்லாது என்றார்கள். மாதிரி சுத்தம் என்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் பயிற்சி முகாமில் நின்று, உண்மை தன் பக்கம் என்றும், மாதிரி எடுத்தவரைப் பற்றிச் சந்தேகம் கிளப்பும் விதமாகவும் பிரான் பேசினாரே, அவர் மேல் எனக்குள்ள கோபம் அந்தப் பேச்சுக்குத்தான். மருந்துக்கு அதில் பாதிதான்.

இன்னொன்று கவனிக்கப்படுவதில்லை. முதல் தடவை மாட்டுபவரின் பெயர் மேல்முறையீடு முடியும்வரை வெளிவரக் கூடாது. டிசம்பரில் கசியாமல் இருந்திருந்தால், ஜெயித்த வழக்கு என்பதால் நமக்கு இது தெரியவே வந்திருக்காது.

2013 தடை வேறு வகை. அதற்குப் புதிய சோதனை எதுவும் காரணமில்லை. மயாமி அருகே கோரல் கேபிள்ஸில் இருந்த, வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்த பயோஜெனிசிஸ் கிளினிக்கின் கணக்கு நோட்டுகள் பத்திரிகையில் வந்தன, எம்எல்பி ஆவணங்களைத் தேடிப் பிடித்தது. சோதனை முடிவு இல்லாமலே ஆதாரத்தை வைத்துத் தண்டிக்க ஒப்பந்தத்தில் இடம் உண்டு. ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில், 2011 சீசனின் பிற்பகுதியில் காயத்துக்காக ஒரு களிம்பும் சப்பும் மாத்திரையும் பயன்படுத்தியதாக பிரானே எழுதினார். உங்கள் 44 மணி நேரத்துக்கு அதுவே பதில்.

விருது: எம்விபியைக் கொடுப்பது பேஸ்பால் எழுத்தாளர் சங்கம். ஓட்டு முடிந்தால் முடிந்ததுதான், திரும்பப் பெறுவதில்லை. 1996-ல் வாங்கிய கென் கேமினிட்டி 2002-ல் ஒப்புக்கொண்டார், 2003-ல் வாங்கிய அலெக்ஸ் ரோட்ரிகஸ் 2009-ல். இரண்டும் அவர்கள் பெயரிலேயே நிற்கின்றன.

டாட்ஜர்நீலம்:

2011 எம்விபி ஓட்டில் பிரானுக்கு 388 புள்ளி, டாட்ஜர்ஸின் மேட் கெம்புக்கு 332. கெம்ப் அந்த வருடம் 39 ஹோம் ரன், 126 ஆர்பிஐ (அடித்து வரவைத்த ரன்), 40 ஸ்டீல் (பேஸ் திருட்டு). பிரான் 33, 111, 33. மருந்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் நான் கெம்புக்குத்தான் போட்டிருப்பேன். ப்ரூவர்ஸ் பிளேஆஃப் போனார்கள், டாட்ஜர்ஸ் போகவில்லை, அதில் போச்சு. தடையால் பிரான் இழந்தது 2013 சீசனின் மிச்சச் சம்பளம் மட்டும். 2011 ஏப்ரலில் போட்ட 10.5 கோடி டாலர் நீட்டிப்பு ஒப்பந்தத்தில் யாரும் கை வைக்கவில்லை.

இடதுகளம்:

தெளிவாகிவிட்டது, நன்றி. புதிதாக ஒரு பெயர் அடிபட்டால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? சான் டியாகோ வீரர் டாட்டிஸ் ஜூனியர் படர்தாமரை மருந்து என்று சொன்னதை எந்தக் கணக்கில் வைப்பது?

விதிப்புத்தகம்:

முதலில் பொருளின் பெயர். ஸ்டானோசோலோல், போல்டெனோன் போன்ற ஸ்டீராய்டு என்று வந்தால் கதை கேட்கவே வேண்டாம், தெரியாமல் உடம்பில் ஏறுவது மிக அபூர்வம். ஃப்யூரோசெமைட் சிறுநீர்ப் போக்கி. 2018-ல் ராபின்சன் கனோ மாட்டியது அதில். வேறு மருந்தின் தடயத்தைக் கழுவ எடுத்தார் என்று நிரூபிக்க வேண்டிய சுமை எம்எல்பி மேல் விழும், நிரூபித்தால்தான் தடை. அவருக்கு 80 ஆட்டம் கிடைத்தது. 2020-ல் அதே கனோ ஸ்டானோசோலோலில் சிக்கி 2021 சீசன் முழுக்க வெளியே.

டாட்டிஸுக்கு 2022 ஆகஸ்டில் வந்தது க்ளோஸ்டெபோல் என்ற ஸ்டீராய்டு. சில நாடுகளில் தோல் களிம்பிலும் ஸ்ப்ரேயிலும் அது உண்மையாகவே இருக்கிறது. டென்னிஸில் யானிக் சின்னர் விவகாரமும் அதே பொருள்தான். ஆக, கதை நடக்கக்கூடியது. ஆனால் உடம்பில் இருந்தால் பொறுப்பு வீரருடையது, அலட்சியம் சாக்காகாது. களிம்பின் பெட்டியை அணி மருத்துவரிடம் ஒரு நிமிடம் காட்டியிருந்தால் முடிந்திருக்கும். 2014-லிருந்து முதல் தவறுக்கு 80 ஆட்டம், அந்த வருட பிளேஆஃபும் கிடையாது. டாட்டிஸ் 2023-ல் முதல் 20 ஆட்டமும் உட்கார்ந்தார்.

அடுத்து, மறுப்பு எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். "மேல்முறையீட்டை விலக்கிக்கொண்டார்" என்ற வரி வந்தால் பெரும்பாலும் கதை முடிந்தது. சான் பிரான்சிஸ்கோ வீரர் மெல்கி கப்ரெரா 2012-ல் மாட்டியபோது அவர் தரப்பு ஆள் ஒருவர் 10,000 டாலர் செலவில் போலி வெப்சைட் உருவாக்கி, இல்லாத ஒரு களிம்பை அங்கே விற்பனைக்கு வைத்து, அதன்மேல் பழி போடப் பார்த்தார். எம்எல்பி விசாரணையாளர்கள் தோண்டியதில் அது கிழிந்தது.

விருது பற்றிக் கேட்டீர்களே, அதே கப்ரெரா வழக்கில் ஒரு விதிவிலக்கு உண்டு. தடை விழுந்தபோது அவர் பேட்டிங் சராசரி 0.346. பேட்டிங் பட்டத்துக்கு 502 முறை ஆட வந்திருக்க வேண்டும், அவர் 501. விதிப்படி குறையும் ஒன்றை ஹிட் இல்லாத வாய்ப்பாகச் சேர்த்தாலும் அவரே முதலிடம். தன்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொள்ள, வீரர் சங்கமும் எம்எல்பியும் அந்த வருடத்துக்கு மட்டும் விதியை மாற்றின. பட்டம் 0.336 அடித்த பஸ்டர் போசிக்குப் போனது. அந்த ஜூலையில் வாங்கிய ஆல்-ஸ்டார் எம்விபி மட்டும் கப்ரெரா பெயரிலேயே இருக்கிறது.