பிள்ளைகளோடு கேச் தேடும்போது எதிர்ப்பட்டவர்கள்

ஓர் அம்மா:

ஜியோகேச்சிங் விளையாட்டில் யாரோ ஒளித்து வைத்த டப்பாவை, அதாவது கேச்சை, ஜிபிஎஸ் பார்த்து நாங்கள் தேடப் போனால் யாராவது வந்து “என்ன தொலைச்சிட்டீங்க?” என்று கேட்காமல் திரும்புவது அபூர்வம். இரண்டு பிள்ளைகள் புதருக்குள் தலையை விட்டிருக்க, பெரியவர்கள் போனையும் தரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றால் யாருக்கும் அப்படித்தான் கேட்கத் தோன்றும்.

ஜியோகேச்சிங்கில் பழகியவர்கள், விவரம் தெரியாதவர்கள் கண்ணில் படாமல் டப்பாவை எடுக்கச் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. என்னவென்று தெரியாதவர் குப்பை என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிட்டால், அடுத்து வருகிறவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். ஆனால் ஒருவர் நேரில் வந்து கேட்டுவிட்டால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. “சாவியைத் தேடுறோம்” என்று நாம் சமாளிப்பதைப் பிள்ளைகள் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பழைய கல் சுவர் ஒன்றின் அருகே ஒரு பெரியவர் இப்படி நின்று விசாரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என் எட்டு வயது மகள் ஆரம்பித்துவிட்டாள். “தாத்தா, இங்க யாரோ ஒரு டப்பா ஒளிச்சு வெச்சிருக்காங்க. இடத்தோட நம்பர் மட்டும் தருவாங்க. நாம கண்டுபிடிச்சு, உள்ள இருக்கற நோட்டுல பேர் எழுதிட்டு, அதே இடத்துல வெச்சிடணும்.” அவர் அதோடு விடவில்லை. இதெல்லாம் எப்போது வந்த விளையாட்டு என்றார். அதற்கு நான் பதில் சொன்னேன். ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அடுத்த நாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியை ஒளித்து வைத்து, அது இருக்கும் இடத்தை இணையத்தில் அறிவித்தார். “அதுக்குள்ள ஒரு பீன்ஸ் டப்பா இருந்துச்சு தாத்தா!” என்று மகள் குறுக்கே புகுந்தாள். அவளுக்கு அதுதான் பிடித்த பகுதி, ஏனென்றால் இப்போது கேச்சுக்குள் தின்பண்டம் எதுவும் வைக்கக் கூடாது. வாசனைக்கு விலங்குகள் வந்து டப்பாவைக் கடித்துக் குதறிவிடும்.

பெரியவர் போனை வாங்கிப் பார்த்தார். 4 மீட்டர் என்று காட்டியது, ஓரடி நகர்ந்ததும் 9 என்றது. மரமும் சுவரும் உள்ள இடங்களில் சமிக்ஞை பட்டுத் தெறித்து வருவதால் எண் அப்படித்தான் தாவும். கடைசிப் பத்து மீட்டருக்குப் போனைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணை நம்ப வேண்டும். அவர் சுவரடியில் கிடந்த கற்குவியலை ஒரு நோட்டம் விட்டு, “இந்த ஒரு கல்லுல மட்டும் பாசி இல்லையே” என்றார். மகள் முதலில் குச்சியால் தட்டிப் பார்த்தாள். பாம்போ குளவியோ இருக்கலாம் என்பதால், பொந்திலும் கல்லிடுக்கிலும் வெறுங்கையை விடக் கூடாது என்பதில் எங்களிடம் சமரசமே இல்லை. கல்லை நகர்த்தினால் பின்னால் பச்சை டப்பா. உள்ளே இருந்த நோட்டின் ஓரங்கள் ஈரத்தில் உப்பி நெளிந்திருந்தன. பேனா ஓடவில்லை, பென்சில்தான் எழுதியது. மகள் தன் பெயரை எழுதிவிட்டு நோட்டை அவரிடம் நீட்டினாள். அவரும் நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எல்லாச் சந்திப்பும் இப்படி அமையாது. ஒரு வளாகத்தின் வேலி ஓரம் காவலாளி ஒருவர் எங்களை நிறுத்தினார். ஆப்பைத் திறந்து காட்டினோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், ஆனாலும் இங்கே நிற்கக் கூடாது என்றார். சரி என்று கிளம்பிவிட்டோம். சின்னவனுக்கு ஒரே அழுகை. வீட்டுக்கு வந்ததும் “கிடைக்கவில்லை” என்று பதிவு போட்டு, காவலாளி சொன்னதையும் சேர்த்து எழுதினோம். கிடைக்காததைப் பலர் பதிவதே இல்லை. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. டப்பா தொலைந்துவிட்டதா, இடம் தோதில்லையா என்று வைத்தவருக்கு வேறு எப்படித் தெரியும்?

ஓர் அப்பா:

பொய் சொல்ல வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் என் பையன்களுக்குப் பாதி சந்தோஷமே யாருக்கும் தெரியாமல் எடுப்பதில் இருக்கிறது. ஒருவன் ஷூ லேஸ் கட்டுவது போலக் குனிவான், மற்றவன் மறைத்து நிற்பான். கேட்டால் சொல்வோம், கேட்காதவரை அது அவர்கள் விளையாட்டு.

எங்களுக்கு மறக்காத சந்திப்பு, அதே டப்பாவைத் தேடி வந்த இன்னொரு குடும்பம். அவர்களிடம் ஒரு டிராவல் பக் இருந்தது. எண் பொறித்த சின்ன உலோகத் தகடு, அதில் ஒரு பொம்மை ஆமை கோத்திருந்தது. அதை நாமே வைத்துக்கொள்ளக் கூடாது. வேறொரு கேச்சில் போட்டு, எண்ணை இணையத்தில் பதிய வேண்டும். அது எங்கெல்லாம் போய் வந்தது என்று வரைபடத்தில் பார்க்கலாம். அந்த வீட்டுப் பெண் அதை என் சின்ன மகன் கையில் கொடுத்து, “இனிமே உன் பொறுப்பு” என்றாள். செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியிலும் இப்படிப் பின்தொடரும் குறியீடு ஒன்று இருக்கிறது என்று அவள் அப்பா சொல்ல, “அதை யாரு எடுத்து அடுத்த டப்பாவுல போடுவாங்க?” என்று இவன் கேட்டான். வழி நெடுக அதே பேச்சுதான்.

ஒரு பாட்டி:

எனக்கு முட்டி வலி. அதனால் பேரனோடு போகும்போது நிலப்பரப்பு மதிப்பு 1 என்று போட்ட கேச்சாகத்தான் பார்ப்பேன். வழி எவ்வளவு கடினம் என்று சொல்லும், 1 முதல் 5 வரை போகும் அந்த அளவில் 1 என்றால் சக்கர நாற்காலியிலும் போய் எடுக்க முடிய வேண்டும். ஒரு ஏரிக்கரையில் நாங்கள் கைப்பிடிக் கம்பியை மேலிருந்து கீழே தடவிக்கொண்டிருந்தபோது, சக்கர நாற்காலியில் ஒரு பையன் அம்மாவோடு வந்தான். அவர்களும் அதைத்தான் தேடி வந்திருந்தார்கள். நிற்கிறவர் கண்ணுக்குத் தெரியாதபடி, கம்பியின் அடிப்பக்கம் காந்தத்தில் ஒட்டியிருந்தது அந்தக் குட்டி டப்பா. அவன் உட்கார்ந்த வாக்கிலேயே நேராகப் பார்த்துக் கை நீட்டி எடுத்துவிட்டான். என் பேரன் முகத்தில் பொறாமையும் பிரமிப்பும். அப்புறம் இருவரும் சுருள் தாளைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, ஒருவர் மாற்றி ஒருவர் பெயர் எழுதினார்கள்.

அவன் அம்மா என்னிடம் சொன்னது இது. 1 என்று நம்பிப் போய், வழியில் படியைப் பார்த்துத் திரும்பிய நாட்கள் உண்டாம். கேச் வைக்கிறவர்களே, அந்த எண்ணைப் போடும் முன் வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து ஒருமுறை நடந்து பாருங்கள். படி இருக்கிறதா, மண் இளகியிருக்கிறதா, உட்கார்ந்தபடி கை எட்டுகிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.