குவேக்கர் பள்ளியில் முதல் பருவம்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

ரெடிங் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் ஒரு தங்கை கேட்டிருந்தார்: மகனுக்குக் குவேக்கர் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது, மதம் மாற்றிவிடுவார்களா? என் மகள் அப்படி ஒரு பள்ளியில்தான் படிக்கிறாள். பதில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாற்ற மாட்டார்கள். குவேக்கர்கள் 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவினர். இங்கே அவர்களுக்குப் பாதிரியார் கிடையாது, ஞானஸ்நானமும் கிடையாது. அவர்களுடைய பள்ளிகளில் படிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் குவேக்கர் வீட்டுப் பிள்ளைகளே அல்லர், ஆசிரியர்களும் அப்படித்தான். ஆங்கிலத் திருச்சபையில் சேராதவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இருந்த தடைகள் 1871-இல்தான் பெருமளவு நீங்கின. அந்தத் தடைகளால் இவர்கள் வியாபாரத்தில் இறங்கினார்கள் (காட்பரி சாக்லேட்டும் கிளார்க்ஸ் ஷூவும் குவேக்கர் குடும்பங்கள் தொடங்கியவை), சொந்தமாகப் பள்ளிகளும் வைத்தார்கள். யார்க்ஷயரில் ஆக்வொர்த் 1779, யார்க்கில் பூத்தம் 1823, உங்கள் ரெடிங்கில் லெய்ட்டன் பார்க் 1890. சென்னை பென்டிங்க் பள்ளியில் 1928-இல் ஆசிரியையாக வந்து, பிறகு சேவாகிராமத்தில் காந்தியின் ஆதாரக் கல்வியில் வேலை செய்து, கோத்தகிரியில் வாழ்ந்த மார்ஜரி சைக்ஸும் குவேக்கர்தான்.

பையனுக்கு முதலில் விநோதமாகத் தெரியப்போவது மீட்டிங், அதாவது குவேக்கர்களின் வழிபாடு. எல்லோரும் ஒரு கூடத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்து பேசாமல் இருப்பார்கள். பாட்டு, பிரசங்கம் எதுவும் கிடையாது. பெரியவர்களின் ஞாயிறு மீட்டிங் சுமார் ஒரு மணி நேரம் போகும், பள்ளியில் அதைவிடக் குறைவு. யாருக்காவது மனதில் ஏதாவது உறுதியாகத் தோன்றினால் எழுந்து நின்று சொல்லலாம், மாணவரானாலும் சரி. அதற்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், விவாதிக்கவும் மாட்டார்கள், மறுபடி அமைதிதான். முடிவில் பக்கத்திலிருப்பவருடன் கைகுலுக்கிவிட்டுக் கிளம்புவார்கள். அந்த நேரத்தில் உங்கள் பிள்ளை முருகனை நினைக்கலாம், மதியச் சாப்பாட்டைக்கூட நினைக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. முதல் சில வாரம் சிரிப்பு வரும், கால் மரத்துப்போகும், "போர் அடிக்குதும்மா" என்று வந்து நிற்பான். விட்டுவிடுங்கள். வீட்டில் உட்காரவைத்துப் பயிற்சி கொடுக்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

அப்புறம் மரியாதை விஷயம். பட்டம், பதவி பார்த்துத் தலை வணங்குவதைக் குவேக்கர்கள் ஆரம்பத்திலிருந்தே மறுத்தவர்கள். அதனால் சில பள்ளிகளில் ஆசிரியரை முதல் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது தொண்டையில் இறங்காது. பள்ளியில் பள்ளி வழக்கம், தாத்தா பாட்டியிடம் வீட்டு வழக்கம் என்று பையனுக்கு ஒருமுறை சொன்னால் போதும், பிடித்துக்கொள்வான்.

குவேக்கர்கள் தங்கள் கூட்டங்களில் ஓட்டெடுப்பு நடத்துவதில்லை. எல்லோர் பேச்சையும் கேட்டு, கூட்டம் ஒட்டுமொத்தமாக எந்த முடிவில் வந்து நிற்கிறது என்று பார்த்து, கூட்டத்தை நடத்தும் கிளார்க் என்பவர் அதை அங்கேயே எழுதி வாசித்துக்காட்டுவார். பள்ளி வாழ்க்கையிலும் இந்தச் சாயல் இருக்கும். சண்டை போட்ட இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்து, நடந்ததைச் சொல்லச் சொல்வார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது, ஆனால் சில நேரம் இழுவைதான். 'தப்பு செய்தவனுக்குத் தண்டனை எங்கே' என்று நாம் பதறும்போது அவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கூச்சமுள்ள பிள்ளை என்றால் அதை வகுப்பு ட்யூட்டரிடம் (பிள்ளையின் நலனைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்) முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நவம்பரில் போர் நினைவு நாள் வரும். அன்று சட்டையில் குத்திக்கொள்ளும் சிவப்புப் பாப்பிப் பூவுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பாப்பியும் கண்ணில் படலாம். அது 1933-இல் கூட்டுறவுப் பெண்கள் சங்கம் கொண்டுவந்த சமாதானச் சின்னம். எதை அணிவது, அணியாமலே இருப்பதா என்பதைப் பையனே முடிவு செய்யட்டும்.

பெற்றோர் சந்திப்பில் 'ரேங்க் என்ன' என்று கேட்டால் விழிப்பார்கள். 'வகுப்பில் பேசுகிறானா, யாரோடு சாப்பிடுகிறான்' என்று கேளுங்கள், நிறைய விஷயம் வெளியே வரும். படிப்பு பற்றிய கவலை வேண்டாம். எல்லோரும் 16 வயதுவாக்கில் எழுதுகிற அதே ஜிசிஎஸ்இ பொதுத்தேர்வுதான். பள்ளியின் தரத்தைப் பார்க்க, தனியார் பள்ளிகளை ஆய்வு செய்யும் ஐஎஸ்ஐ அமைப்பின் ஆய்வறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

கீழே கருத்துகளில் கேட்டவர்களுக்கு:

சைவச் சாப்பாடு: கிடைக்கும். முட்டை, ஜெலட்டின் கூடாது என்றால் சேர்க்கைப் படிவத்திலேயே தெளிவாக எழுதுங்கள். 'வெஜிடேரியன்' என்று மட்டும் எழுதினால் முட்டை வந்துவிடும்.

தீபாவளி விடுமுறை: சில வருடம் அக்டோபர் அரைப்பருவ விடுமுறையில் விழும், சில வருடம் விழாது. பொங்கல் பெரும்பாலும் பள்ளி நாள்தான். ட்யூட்டருக்கு முன்பே மின்னஞ்சல் அனுப்புங்கள்.

கட்டணம்: 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வாட் உண்டு. சொல்கிற தொகை வாட் சேர்த்தா சேர்க்காமலா என்று கேளுங்கள். வருமானத்தைப் பார்த்துத் தரும் பர்சரி என்கிற கட்டணச் சலுகைக்குக் குவேக்கராக இருக்கவேண்டும் என்று பொதுவாக நிபந்தனை இல்லை, ஆனால் சேர்வதற்கு முந்தைய வருடமே விண்ணப்பிப்பது நல்லது. கட்டுப்படியாகவில்லை என்றால், டிபெண்டன்ட் விசாவில் வந்த பிள்ளை அரசுப் பள்ளியில் கட்டணமில்லாமல் படிக்கலாம். கடன் வாங்கி இங்கே சேர்க்காதீர்கள்.