'ஆஃப்-பீஸ்ட்': தடம்புரளலா, தடவெளியா?

அனைவருக்கும் வணக்கம்.

பனிச்சறுக்கில், குறியிட்ட தடத்தை ('பீஸ்ட்') விட்டு வெளியே சறுக்குவதை ஆங்கிலத்தில் 'ஆஃப்-பீஸ்ட்' (off-piste) என்பார்கள். அதற்குத் தமிழில் 'தடம்புரளல்' என்று ஐயா ஒருவர் தந்திருக்கும் சொல் எனக்கு ஒப்பவில்லை. தடம் புரள்வது ரயில். அது ஆசைப்பட்டுப் புரள்வதில்லை. பனிச்சறுக்குக்காரர் தெரிந்தேதான் தடத்தை விட்டு இறங்குகிறார்.

'பீஸ்ட்' பிரெஞ்சுச் சொல். இத்தாலியத்தின் 'பிஸ்தா' வழியாக வந்தது. அடித்து இறுக்குதல் என்பது வேர்ப்பொருள். ஆல்ப்ஸ் சரிவுகளில் இன்றும் அதைத்தான் செய்கிறார்கள். இரவில் எந்திரம் ஓட்டிப் பனியை அழுத்திவிட, காலையில் அது சீப்பால் வாரிய தலைபோல வரிவரியாகக் கிடக்கும். ஓரமாகக் கம்பங்கள், கடினத்துக்கேற்ப பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு. கம்பத்தைத் தாண்டினால் யாரும் அழுத்தாத பனி. அடியில் பாறை இருக்கலாம், மேலிருந்து பனி சரிந்தும் வரலாம்.

'காட்டுப்பனி' என்று சொல்லலாமே என்றால் அதுவும் சரிவராது, எங்கோ தொலைவில் இருப்பதாகத் தோன்றுகிறது. 2013 டிசம்பர் 29 அன்று பிரான்சின் மெரிபெலில் கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் பாறையில் மோதித் தலையில் அடிபட்டது, குறியிட்ட தடத்திலிருந்து சில மீட்டர் தள்ளித்தான்.

இனி உருவகப் பொருள். பேச்சாளர் எழுதிவந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மனத்தில் பட்டதைப் பேச ஆரம்பித்தால், பிரிட்டனில் 'ஆஃப்-பீஸ்ட் போய்விட்டார்' என்பார்கள். கேட்பவருக்குப் பாதி வியப்பு, பாதி கிலி. (உதவியாளருக்கு முழுக் கிலி.) தமிழில் 'தடம் மாறினார்' என்றால் அவர் ஒழுக்கத்தையே சந்தேகப்படுவார்கள், 'வழி தவறினார்' அதைவிட மோசம். தடத்தை விட்டாலே நம்மிடம் குற்றம்தான் போலிருக்கிறது.

சொல்லமைப்பை மட்டும் பார்த்தால் 'புறம்போக்கு' அச்சாகப் பொருந்தும். அதை வருவாய்த்துறையும் தெருச்சண்டையும் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டன!

என் பரிந்துரை 'தடவெளி'. வெளி என்றால் புறம், திறந்த பரப்பும்கூட. 'தடவெளிச் சறுக்கு', 'உரையின் நடுவே தடவெளியில் இறங்கினார்' என்று இரண்டுக்கும் வரும். 'தட' என்ற உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியம் பெருமை என்று பொருள் தருவதால், 'பெருவெளி' என்று படித்தாலும் பழுதில்லை. புல்வெளி மாதிரி 'தடங்கள் உள்ள வெளி' என்று படித்தால்தான் சிக்கல், பொருளே தலைகீழாகிவிடும். 'தடப்புறவெளி' என்று நீட்டிப் பார்த்தேன். குழப்பம் தீர்கிறது, ஆனால் நாக்கு சறுக்குகிறது. இதைவிடச் சுருக்கமாக யாரிடமாவது இருக்கிறதா?