பெரியப்பா காலில் வைத்த செராமிக்

பெரியம்மா: ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முழங்காலுக்குக் கீழே மூட்டுத்தளம் அமுங்கி உடைந்திருந்ததாம். அதைத் தூக்கி நிறுத்தி, அடியில் விழுந்த பள்ளத்தில் செயற்கை எலும்பு வைத்து, பிளேட்டும் ஸ்குரூவும் போட்டிருக்கிறார்கள்.

கார்த்தி: செயற்கை எலும்பு என்றால் ஸ்டீலா பெரியம்மா?

பெரியம்மா: பில்லில் ஹைட்ராக்ஸிஅபடைட் என்று இருக்கிறது. நித்யா, நீ படித்தது இதுதானே?

நித்யா: ஆமாம் பெரியம்மா, செராமிக். நம் எலும்பில் இருக்கும் கால்சியம் பாஸ்பேட்டும் கிட்டத்தட்ட இதேதான். உள்ளே முழுக்கத் துளையாக இருக்கும்.

பெரியப்பா: செராமிக் கெட்டிதானே? நாளைக்கே காலை ஊன்றலாமா?

நித்யா: ஐயோ வேண்டாம் பெரியப்பா! டாக்டர் சொல்லும்வரை ஊன்றவே கூடாது.

நித்யா: துளையில்லாமல் இறுகச் சுட்டால் அது சில நூறு மெகாபாஸ்கல் அழுத்தம் தாங்கும். தொடை எலும்பின் கெட்டியான வெளிச்சுவரே 100 முதல் 200 வரைதான். ஆனால் பாதிக்கு மேல் துளை விட்டால் சில மெகாபாஸ்கலுக்கு இறங்கிவிடும். துளை கூடக் கூட வலிமை மடமடவென்று சரியும். 1953இலேயே ரிஷ்கெவிச் என்பவர் அலுமினா, சிர்கோனியா என்ற வேறு இரண்டு செராமிக்கில் அளந்து காட்டிவிட்டார்.

கார்த்தி: அப்புறம் எதற்குத் துளை? காசு வாங்கிக்கொண்டு ஓட்டையை விற்கிறார்களா 😄

நித்யா: அந்த ஓட்டைக்குத்தான் காசே! ரத்தக்குழாயும் எலும்புச் செல்லும் உள்ளே போக வேண்டாமா? துளை 100 மைக்ரானுக்கு, அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு, குறைந்தால் கஷ்டம், 300க்கு மேல் இருந்தால் நல்லது. துளைக்குத் துளை வழியும் இருக்க வேண்டும். கடலில் வளரும் போரைட்டிஸ் என்ற பவளத்தின் கூடு இயல்பிலேயே அப்படித்தான். அதை உருக்குலையாமல் ஹைட்ராக்ஸிஅபடைட்டாக மாற்றும் வழியை 1974இல் வெளியிட்டார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த ஆராய்ச்சி அது.

பெரியம்மா: அதெல்லாம் சரி, உள்ளே நொறுங்கிவிடாதா?

நித்யா: மூட்டுக்கு அடியில் இருப்பது பஞ்செலும்பு. அதுவே ஏறக்குறைய 2 முதல் 12 மெகாபாஸ்கல்தான், அதனால் அந்த இடத்துக்கு இது போதும். செங்கல் மாதிரிதான், மேலே சுமை ஏற்றினால் தாங்கும், வளைத்தால் பட்டென்று போய்விடும். இப்போதைக்குப் பாரத்தைச் சுமப்பது பிளேட். துளைக்குள் எலும்பு வளர வளரத்தான் செராமிக்குக்கும் பலம் வரும்.

பெரியப்பா: அப்புறம் கரைந்துவிடுமா?

நித்யா: இது லேசில் கரையாது. வருடக்கணக்கில் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும், பயப்படாதீர்கள். டிரைகால்சியம் பாஸ்பேட் என்று இதே மாதிரி இன்னொரு செராமிக் உண்டு, அது என்றால் சீக்கிரம் கரையும். அதிலும் ஒரு சிக்கல், எலும்பு வளருமுன் இடம் காலியாகிவிடக் கூடாது.

பெரியப்பா: சரிம்மா. டேய் கார்த்தி, பரண்மேல் பாட்டியின் வாக்கர் கிடக்கும், எடுத்து வா.

கார்த்தி: ரப்பர் புஷ் தேய்ந்திருக்கும் பெரியப்பா. புதிதாக மாட்டிக் கொண்டுவருகிறேன்.