ஏற்காடு ஏறும்போது ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார் சூடான கதை: உங்களுக்கு நடந்ததையும் புனைபெயரை மேலே போட்டுச் சொல்லுங்கள்

கோரிமேடு பீட்டில்

பன்னிரண்டாவது கொண்டை ஊசி வளைவு. மூன்று வருடமாகியும் அங்கே போனால் கால் தானாக ஆக்சிலேட்டரை விட்டு எழும்புகிறது. கோடை விழா சமயம், ஞாயிற்றுக்கிழமை, முன்னால் வேன், பின்னால் பஸ். சிவப்பு விளக்கு எரிந்தது. டைனமோ வேலை செய்யவில்லை, பெல்ட் போயிருக்கலாம் என்று அர்த்தம். இங்கே யாருக்கும் அதைச் சொல்ல வேண்டியதில்லை, எனக்கும் தெரியும். ஆனால் ஓரங்கட்ட இடமில்லை, பஸ்காரர் ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை. அடுத்த வளைவு அகலமானது, அங்கே நிறுத்தலாம் என்று ஏறினேன். அங்கே ஏற்கெனவே நாலு கார். சரி, அதற்கடுத்தது.

நிறுத்தியபோது பெயின்ட் கருகும் வாடை. பின்மூடியைத் திறந்தால் பெல்ட் நார் நாராகக் கிழிந்து டைனமோ கப்பியில் சுற்றிக் கிடந்தது. அதற்குள் வேனிலிருந்து ஒரு அண்ணன் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார். முன்பக்கம் திறந்து பார்த்தார், எங்கள் துணிப்பைகள் இருந்தன. "ரேடியேட்டர் எங்கங்க?" "இந்த வண்டிக்கு ரேடியேட்டரே இல்லைங்க. என்ஜின் பின்னால இருக்கு, காத்துலதான் ஆறும்." அவர் நம்பவில்லை. விறுவிறுவென்று பின்னால் வந்து என்ஜின் மேலேயே பாட்டிலைச் சாய்க்கப் போனார். மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன், ஆனாலும் கொஞ்சம் சிந்திவிட்டது. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி 'சுர்'ரென்றது. அந்தச் சத்தம்தான் இன்னும் காதில் நிற்கிறது.

மாற்று பெல்ட் சேலத்தில், வீட்டு பீரோ மேல் பத்திரமாக இருந்தது. வண்டியை லாரியில் ஏற்றித்தான் இறக்கினோம். 3ஆம் நம்பர் பிஸ்டன் சிலிண்டரைக் கீறிவிட்டது.

குப்பனூர் வழி

மன்னிக்கணும் சார், இடமில்லை என்பது சாக்கு. நடுரோட்டில் நிறுத்தினால் பஸ்காரர் திட்டுவார், அவ்வளவுதான். சிவப்பு விளக்கு எரிந்தால் டைனமோ மட்டுமா நிற்கிறது? என்ஜினை ஆற வைக்கும் காற்றாடியும் அதே தண்டில்தானே இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு வளைவுகூட அதிகம்.

என் கதை வேறு. வண்டி வாங்கிய புதிதில் குப்பனூர் வழியாக ஏறினேன். என்ஜின் பாவம், கத்த வேண்டாம் என்று மூன்றாவது கியரிலேயே மெதுவாக உருட்டினேன். பாதி மலையில் இழுவை செத்துவிட்டது. நிறுத்தினால் பச்சை விளக்கு, அதாவது ஆயில் விளக்கு, கண் சிமிட்டுகிறது. பக்கத்தில் மாமா உட்கார்ந்திருந்தார், அந்தக் காலத்தில் இதே வண்டி ஓட்டியவர். "ஏம்ப்பா அதைக் கழுத்தை நெரிக்கிறே? செகண்டு போடு, காத்தாடி சுத்தட்டும்" என்றார். என்ஜின் ஒரு சுற்று சுற்றினால் காற்றாடி இரண்டு சுற்றுக்குக் கொஞ்சம் கம்மியாகச் சுற்றும். நான் மெதுவாகப் போகிறேன் என்று காற்றை நிறுத்தி வைத்திருந்தேன். ஆற வைத்து செகண்டில் ஏறினோம், விளக்கு அப்புறம் வரவே இல்லை. மாமா மட்டும் மேலே போகிற வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார்.

நாகலூர் காப்பி

எனக்கு நடந்ததை யாரும் நம்புவதில்லை. எஸ்டேட் கொட்டகையில் வண்டி எட்டு மாதம் நின்றது. ஒரு நாள் கிளப்பிச் சேலம் போனேன், இறக்கம்தான், ஒன்றும் தெரியவில்லை. திரும்பி அடிவாரம் தாண்டி நாலைந்து வளைவு ஏறியதும் காப்பிக்கொட்டை வறுக்கும் மணம் வந்தது. அவ்வளவு கீழே ஏது காப்பி? அதை யோசிக்கவில்லை. கண்ணாடியை இறக்கி நன்றாக மூச்சை இழுத்தேன். "யாரோ நல்லா வறுக்கிறாங்க" என்று வீட்டுக்காரியிடம் சொன்னதும் நான்தான்.

அறுபதடி பாலம் பக்கம் மணம் கருகலாக மாறியது. மெக்கானிக் காற்றாடிக் கூண்டைக் கழற்றியபோது 3, 4ஆம் சிலிண்டர் மேல் எலிக்கூடு. இலவம்பஞ்சு, சாக்கு நூல், உள்ளே ஒரு படி காப்பிக்கொட்டை. பாதி பச்சை, பாதி நல்ல நடுத்தர வறுவல். சிலிண்டரின் சூட்டை வெளியேற்றும் தகடுகளான ஃபின்னுக்கு நடுவே விரல் நுழையவில்லை. சிலிண்டர் ஹெட்டில் விரிசல்.

பழைய ஃபிட்டர்

தம்பிகளா, எனக்கு ஒரே ஒரு தடவைதான் சூடானது. கார்புரேட்டருக்குச் சின்ன ஜெட் (பெட்ரோல் வரும் துளை) போட்டு மைலேஜ் பார்க்கப் போனதால். என் தப்பு, விடுங்கள்.

குப்பனூர் தம்பி, செகண்டு கியர் சரி. ஆனால் செகண்டு போட்டுவிட்டோம் என்று அடிவரைக்கும் மிதித்தால் அதுவும் சூடுதான். கியர் இறக்கு, மிதியைக் குறை, இரண்டும் சேர்ந்தால்தான் பலன்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வண்டியில் பெல்ட் இரண்டு வையுங்கள். 21 மில்லிமீட்டர் ஸ்பேனரும் ஒரு தடி ஸ்குரூடிரைவரும் போதும். கப்பியின் உள் பாதியில் ஒரு வெட்டு இருக்கும், அதில் ஸ்குரூடிரைவரைக் கொடுத்து டைனமோ போல்ட்டில் முட்டுக் கொடுத்தால் கப்பி சுற்றாது. நட்டைக் கழற்றினால் நடுவில் மெல்லிய வாஷர்கள் இருக்கும். உள்ளிருந்து ஒன்றை எடுத்து வெளியே போட்டால் பெல்ட் இறுகும். கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்றரை சென்டிமீட்டர் அமுங்க வேண்டும். ரொம்ப இறுக்கினால் டைனமோ பேரிங் போகும்.

அடுத்தது தகரம். என்ஜினைச் சுற்றி வரும் தகரத்தை "எதுக்கு இது" என்று கழற்றிப் போட்ட மெக்கானிக்குகளை நானே பார்த்திருக்கிறேன். அதுவும் ஓரத்து ரப்பரும் இல்லையென்றால் சைலன்ஸர் பக்கத்துச் சுடு காற்று மேலே ஏறி, அதையே காற்றாடி திரும்ப இழுக்கும். பின்மூடியைக் கட்டை வைத்துத் தூக்கி ஓட்டுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். முதலில் ரப்பரைப் பாருங்கள்.

டப்பெட், அதாவது வால்வைத் தள்ளும் பாகத்தின் இடைவெளி: என்ஜின் முழுக்க ஆறின பிறகு, காலையில் பாருங்கள். 0.15 மில்லிமீட்டர், ரொம்பப் பழைய வண்டிக்கு 0.10. சத்தம் போடும் டப்பெட்டுக்குப் பயப்படாதீர்கள், சத்தமே இல்லாததற்குப் பயப்படுங்கள். இடைவெளி குறைந்தால் வால்வு சரியாக மூடாது, எரியும். பழைய என்ஜினில் 3ஆம் நம்பருக்கு மேலேயே ஆயில் கூலர் உட்கார்ந்து காற்றை மறைக்கிறது, அதனால் முதலில் சாவது அதுதான். கோரிமேடு தம்பிக்கு நடந்ததும் அதுவே. ஆயில் மொத்தமே இரண்டரை லிட்டர், அரை லிட்டர் குறைந்தாலே மலையில் காட்டிவிடும். டைமிங், அதாவது பிளக்கில் தீப்பொறி விழும் நேரம், பற்றித் தனியாக எழுதுகிறேன்.

ஐந்து ரோடு

ஐயோ, டைமிங் வேறயா!

எல்லாம் சூடு இல்லை ஃபிட்டர் அண்ணே. ஏரிக்கரையில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் என் வண்டி கிளம்பாது. என்ஜின் போச்சு என்று அழாத குறை. பஜ்ஜிக் கடை அம்மா எரிச்சலில் ஈரத் துணியைத் தூக்கிப் போட்டு "கையைத் தொடைச்சுக்கிட்டு தள்ளி நில்லு சாமி" என்றார்கள். அந்தத் துணியை என்ஜினில் இருக்கும் பெட்ரோல் பம்பு மேல் சுற்றினேன், ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிட்டது. பெட்ரோல் ஆவியாகி அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். துணியைத் திருப்பிக் கொடுக்க மறந்து அடிவாரம் வரை வந்துவிட்டேன்.

கோரிமேடு பீட்டில்

குப்பனூர் சார் சொன்னது சரிதான், சாக்குதான். ஒன்றை விட்டுவிட்டேன். மணிக்கட்டைப் பிடித்த வேகத்தில் அந்த அண்ணனைக் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வேனுக்குப் போய், தட்டுவடை செட் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து என் பெண்ணிடம் கொடுத்துவிட்டு ஏறிப் போய்விட்டார். லாரி வர மூன்று மணி நேரம். அதுதான் எங்களுக்குச் சாப்பாடு.

ஃபிட்டர் அண்ணே, வாஷர் எல்லாவற்றையும் வெளியே போட்ட பிறகும் பெல்ட் தொளதொளவென்று இருக்கிறது. பெல்ட் அளவு தப்பா, கப்பி தேய்ந்துவிட்டதா?