பிஎன்ஜி நூலகத்தை நிறுவியிருந்தும் ‘அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்’ பிழை

நிரல்தேனீ:
பழைய சி நிரல் ஒன்றைப் புதிய உபுண்டுவில் பில்ட் செய்ய முயல்கிறேன். ஒவ்வொரு கோப்பும் கம்பைல் ஆகிவிடுகிறது. கடைசியில், கம்பைல் ஆன துண்டுகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்கர்தான் அழிச்சாட்டியம் செய்கிறது. பிஎன்ஜி படங்களைக் கையாளும் செயற்கூறுகள், வர்க்கமூலம் காணும் எஸ்க்யூஆர்டி, சுருக்கிய தரவை விரிக்கும் அன்கம்ப்ரெஸ் எல்லாவற்றுக்கும் ‘அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்’ (அழைத்த செயற்கூறு கிடைக்கவில்லை) என்கிறது. பில்ட் செய்முறையைச் சொல்லும் மேக்ஃபைலில், லிங்கர் தெரிவுகளுக்கான எல்டிஃபிளாக்ஸ் வரியில் -எல்பிஎன்ஜி (பிஎன்ஜி நூலகம்), -எல்எம் (கணித நூலகம்) இரண்டும் இருக்கின்றன. பத்தாண்டுகளுக்கும் மேல் பழைய கணினியில் இதே மேக்ஃபைல் முணுமுணுக்காமல் ஓடுகிறது. இன்னொரு குழப்பம்: 2-இன் வர்க்கமூலத்தை அச்சிடும் சிறு சோதனை நிரல் -எல்எம் இல்லாமலே பில்ட் ஆகிறது!

முனையம்:
பிஎன்ஜி நூலகத்தைப் பயன்படுத்தி நிரல்களை பில்ட் செய்யத் தேவையான லிப்பிஎன்ஜி-டெவ் பொதியை நிறுவிப் பாருங்கள்.

நிரல்தேனீ:
ஏற்கெனவே நிறுவியிருக்கிறேன். நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவினேன், அதே பிழைதான்.

பழையகன்சோல்:
பொதி இல்லாவிட்டால் பிழையே வேறு மாதிரி வரும்: ‘கேனாட் ஃபைன்ட் -எல்பிஎன்ஜி’. உங்கள் லிங்கர் நூலகத்தைக் கண்டுபிடித்துவிட்டது, பிறகு தேவையில்லை என்று ஒதுக்கிவிட்டது. ஆகவே நிறுவி நிறுவிக் களைக்காதீர்கள்.

கோளாறு வரிசையில் இருக்கிறது. லிங்கர் கட்டளையை இடமிருந்து வலமாகப் படிக்கும். எல்டிஃபிளாக்ஸில் எழுதியவை ஆப்ஜெக்ட் கோப்புகளுக்கு, அதாவது கம்பைல் ஆன துண்டுகளுக்கு, முன்னால் போய் நிற்கின்றன. அந்த நேரத்தில் பிஎன்ஜி செயற்கூறு எதையும் யாரும் கேட்டிருக்கவில்லை. உபுண்டு 11.10 முதல் ‘ஆஸ்-நீடட்’ என்ற தெரிவு இயல்பாகவே இயங்குகிறது. கேட்கப்படாத பகிர்வு நூலகத்தை (நிரல் ஓடும்போது வந்து சேரும் நூலகத்தை) அது கைவிட்டுவிடும். பழைய கணினியில் அந்தக் கண்டிப்பு இல்லை. நூலகங்களை மேக்ஃபைலில் அவற்றுக்கென்றே உள்ள எல்டிலிப்ஸ் வரிக்கு மாற்றுங்கள். மேக்ஃபைலைப் படித்து இயக்கும் மேக் கருவியின் உள்ளமைந்த விதி அதை ஆப்ஜெக்ட் கோப்புகளுக்குப் பின்னால் வைக்கும். விதியை நீங்களே எழுதியிருந்தால் அங்கும் கடைசியில் சேர்க்க வேண்டும்.

சோதனை நிரல் விஷயம்: மாறிலியின் வர்க்கமூலத்தை ஜிசிசி கம்பைலர் கம்பைல் நேரத்திலேயே கணக்கிட்டு விடையை எழுதிவிடும். அழைப்பே இல்லாதபோது நூலகம் எதற்கு? பயனரிடமிருந்து எண்ணை வாங்கிப் பாருங்கள், பிழை எட்டிப் பார்க்கும்.

நிரல்தேனீ:
மாற்றினேன். பிஎன்ஜி, எஸ்க்யூஆர்டி இரண்டும் அடங்கிவிட்டன. அன்கம்ப்ரெஸ் மட்டும் இப்போது ‘டிஎஸ்ஓ மிஸ்ஸிங் ஃப்ரம் கமாண்ட் லைன்’ என்று புதிதாக எதையோ சொல்கிறது.

பழையகன்சோல்:
நல்ல செய்திதான். டிஎஸ்ஓ என்பது பகிர்வு நூலகம்; அதைக் கட்டளையில் காணோம் என்கிறது. அன்கம்ப்ரெஸ் இருப்பது இசட்லிப் நூலகத்தில். லிப்பிஎன்ஜி அதைச் சார்ந்திருப்பதால் லிங்கருக்கு அது கண்ணில் படுகிறது. ஆனால் உங்கள் நிரல் நேரடியாக அழைக்கிறது என்றால் நீங்களே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பழைய லிங்கர்கள் இந்த இரவல் உறவைப் பொறுத்துக்கொண்டன. எல்டிலிப்ஸில் -எல்பிஎன்ஜி, -எல்இசட், -எல்எம் என்று எழுதுங்கள்.

நிரல்தேனீ:
பில்ட் ஆகிவிட்டது, மிக்க நன்றி! இந்த மூன்றின் வரிசையும் முக்கியமா?

பழையகன்சோல்:
இப்போது எல்லாம் பகிர்வு நூலகங்கள் என்பதால் இல்லை. நிலை நூலகங்களோடு, அதாவது நிரலுக்குள்ளேயே நகலாகிச் சேரும் ‘.ஏ’ கோப்புகளோடு இணைக்கும்போது மிக முக்கியம்: கேட்பவர் முன்னால், கொடுப்பவர் பின்னால். இரண்டு நூலகங்கள் ஒன்றையொன்று கேட்டால் முதலாவதை இறுதியில் மறுபடியும் எழுத வேண்டியிருக்கும்.

முனையம்:
கையால் எழுதுவதைவிட எந்த நூலகத்துக்கு என்ன தெரிவுகள் தேவை என்று சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் கருவியிடம் கேட்டு வாங்குவது மேல். நிலை நூலகங்களுக்கு ‘ஸ்டாட்டிக்’ தெரிவைச் சேர்த்தால் உள்சார்புகளையும் வரிசையாகத் தந்துவிடும். ஆனால் அதன் வெளியீட்டையும் எல்டிலிப்ஸில்தான் போட வேண்டும்.