காய்ச்சல் போயிடுச்சு, கண்ணு தெளியல. ஊசியில நூல் கோர்க்க முடியல

தையல்கடை_செல்வி:
சங்கரன்கோவில்ல தையல் கடை வச்சிருக்கேன். ஆடிக் கடைசியில மகனுக்குத் தொண்டைவலி, காய்ச்சல், அப்புறம் கண்ணு சிவப்பு. ஒரு வாரத்துல எனக்கும் அதே வரிசையில வந்துச்சு. காலையில இமை ரெண்டும் ஒட்டிக்கும், வெந்நீர்ல துணி நனைச்சுத் துடைச்சாத்தான் திறக்கும். காதுக்கு முன்னாடி நெறி கட்டி, தொட்டாலே வலிச்சுது. மெட்ராஸ் ஐன்னு எல்லாரும் சொன்னாங்க. ரெண்டு வாரத்துல சிவப்பு போயிடுச்சு.

ஆனா பார்வை மங்கிடுச்சு. வலது கண்ணை மூடினா நூல் தெரியுது, ஊசிக்காது தெரியல. தெருவிளக்கைச் சுத்தி வட்டம் வட்டமா இருக்கு. கருப்பு ரவிக்கையில தையல் எங்க ஓடுதுன்னு விரலால தடவித்தான் பார்க்கறேன். மருந்துக்கடையில ஒரு சொட்டு மருந்து கொடுத்தாங்க. விட்டா ரெண்டே நாள்ல தெளிவு, நிறுத்தினா ஒரு வாரத்துல மறுபடி மங்கல். இப்படியே மூணு பாட்டில் ஆச்சு. தொடர்ந்து விடலாமா? இல்ல கண்ணாடி போடணுமா? தீபாவளித் துணி வர ஆரம்பிச்சாச்சு.

கண்பரிசோதகர்_மதுரை:
அக்கா, முதல்ல அந்தச் சொட்டு மருந்தைப் பத்தி. பாட்டில்ல டெக்ஸாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன்னு ஏதாவது போட்டிருக்கான்னு பாருங்க. இருந்தா அது ஸ்டீராய்டு.

நேர்ல பார்க்காம உறுதியாச் சொல்ல மாட்டேன். ஆனா தொண்டை, காய்ச்சல், கண்ணு, காதோர நெறின்னு நீங்க சொல்ற வரிசை அடினோ வைரஸுக்குப் பொருந்துது. வைரஸ் அடங்கின பிறகும் அதோட மிச்சம் கருவிழிக்குள்ள தங்கிடும். அதை எதிர்க்க உடம்பு அனுப்புற அணுக்கள் அங்கங்க கூடி, வெள்ளைப் புள்ளியா நிக்கும். வெளிச்சம் அதுல பட்டுச் சிதறுறதாலதான் விளக்கைச் சுத்தி வட்டம் தெரியுது. வீட்டுக் கண்ணாடியில பார்த்தா தெரியாது, ஆஸ்பத்திரியில கண்ணைப் பெருசாக்கிப் பார்க்கற விளக்குக் கருவி, சிலிட் லேம்ப்ல வச்சாப் பளிச்சுன்னு தெரியும். தினமும் பார்க்கறேன்: "சிவப்பு போயி மாசமாச்சு சார், ஏன் மங்கலா இருக்கு"ன்னு பயந்துபோய் வருவாங்க. பெரும்பாலும் மாசக்கணக்குல தானாக் கரையும், சிலருக்கு வருஷமும் ஆகும். இப்ப கண்ணாடிக்கு அளவு எடுக்காதீங்க, புள்ளி கரையக் கரைய அளவு மாறும்.

ஸ்டீராய்டு அந்த அணுக்களை அடக்கும், அதான் உடனே தெளிவு. சட்டுனு நிறுத்தினா திரும்ப வரும். அது தேவையா, எத்தனை நாள், எப்படிக் குறைக்கணும்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும். கண் அழுத்தத்தை அளக்காம ஒரு சொட்டுகூட இனி விடாதீங்க.

சாத்தூர்_முருகன்:
தம்பி சொல்றதைக் கேளுங்கம்மா. எங்க அப்பா கண் அரிப்புக்கு இப்படித்தான் கடையில வாங்கி ரெண்டு வருஷம் விட்டாரு. வலியே இல்ல. சோத்துத் தட்டுல ஓரத்துல வச்ச கூட்டு தெரியலன்னு சொன்னப்பதான் கூட்டிட்டுப் போனோம். கண் அழுத்தம் ஏறி நரம்பு போயிருச்சு. போன பார்வை போனதுதான்னு சொல்லிட்டாங்க. இன்னிக்கே போங்க.

பானு_நெல்லை:
2021ல கொரோனா வந்தவங்களுக்குக் கருப்பு பூஞ்சைன்னு கண்ணையே எடுத்தாங்களே, இது அது மாதிரி ஆகுமா? எனக்கும் சர்க்கரை இருக்கு, இப்ப சளி பிடிச்சிருக்கு.

கண்பரிசோதகர்_மதுரை:
அது வேற வியாதிக்கா. கட்டுப்படாத சர்க்கரை, கூடவே கொரோனாவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டு, இது ரெண்டும் சேர்ந்த இடத்துலதான் அந்தப் பூஞ்சை அதிகமா ஏறுச்சு. வெறும் சளிக்குப் பயப்பட வேண்டாம், சர்க்கரையை மட்டும் பார்த்துக்கோங்க. ஒரு பக்க முகவலி, மூக்குல கருப்பாச் சளி, இமை தொங்கறது, ஒண்ணு ரெண்டாத் தெரியறதுன்னு எது வந்தாலும் அன்னிக்கே ஆஸ்பத்திரி.

தையல்கடை_செல்வி:
போயிட்டு வந்தேன். பாட்டில்ல டெக்ஸாமெத்தசோன்னுதான் போட்டிருந்துச்சு. ரெண்டு கருவிழியிலயும் புள்ளி இருக்காம், இடதுல நடு மையத்துலயே. அழுத்தம் இடது 27, வலது 24. 21க்கு மேல போகக்கூடாதாம். அந்தச் சொட்டை நிறுத்திட்டு, அழுத்தம் குறைய ஒண்ணும், கண்ணு காயாம இருக்க ஒண்ணும் எழுதிக் கொடுத்தாங்க. நரம்புக்கு ஒண்ணும் ஆகலையாம். அதைக் கேட்டப்ப அங்கயே அழுதுட்டேன். ரெண்டு வாரத்துல மறுபடி வரச் சொன்னாங்க.

கருப்பு, நீலத் துணியெல்லாம் எதிர்க்கடை அக்காகிட்ட கொடுத்தாச்சு. மஞ்சள், ரோஸ் மட்டும் நான் தைக்கறேன். பையன் பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி பத்து ஊசியில நூல் கோர்த்து, பஞ்சு மெத்தையில குத்தி வச்சிட்டுப் போறான்.